பச்சை குத்தலாமா?

(வாலிபர் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது)

 

இந்தத் தலைப்பை நானாக எடுக்கவில்லை. சபையின் 25-ஆம் ஆண்டையொட்டி வாலிபர் குழுவினர் மண்டப வாசலில் ஒரு கேள்விப் பெட்டி வைத்தார்கள். பேர் எழுத வேண்டாம் என்றதும் சீட்டு நிறைய விழுந்தது. அதில் அதிகம் வந்த கேள்வி இதுதானாம்: கிறிஸ்தவப் பிள்ளைகள் டாட்டூ குத்தலாமா? ஆயர் ஐயா சீட்டுகளைப் பார்த்துவிட்டு, "ஊசி சம்பந்தப்பட்ட விஷயம், நர்ஸம்மா பேசட்டும்" என்று என் பக்கம் தள்ளிவிட்டார்.

ஆரம்பிப்பதற்கு முன் ஒரு பாவ அறிக்கை செய்ய வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன் விடுமுறை வேதாகமப் பள்ளியில், இதே மண்டபத்தில், அந்த ஹீட்டர் பக்கம் நின்று இதே தலைப்பில் நான் ஒரு தரம் பேசியிருக்கிறேன். சார்ட்டில் ஒரு கை வரைந்து, அதில் ஒரு பாம்பை வரைந்து, அதன் மேல் சிவப்பு மையால் பெரிதாகக் குறுக்குக் கோடு போட்டேன். கீழே லேவியராகமம் 19:28. "உடம்பில் குத்தினால் பாவம், அவ்வளவுதான், பேச்சுக்கே இடமில்லை" என்று சொன்னேன். பத்து நிமிஷத்தில் பாடம் முடிந்துவிட்டது. வசனத்தை மனப்பாடம் சொன்ன பிள்ளைகளுக்குப் பரிசும் உண்டு. என்ன பரிசு தெரியுமா? தண்ணீர் தொட்டுக் கையில் ஒட்டுகிற சிலுவைப் படம். அதாவது தற்காலிக டாட்டூ! அன்றைக்கு எங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை. பரிசு வாங்கியதில் ஒருத்தி என் மகள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

அந்தப் பேச்சை நான் மறந்தே போனேன். இன்னொருவர் மறக்கவில்லை.

நம் சபையில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். இப்போதும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். இதை இங்கே சொல்லலாமா என்று கேட்டபோது, "வடிவாச் சொல்லும், ஒண்டையும் விடாதேயும்" என்று கட்டளை போட்டுவிட்டார். அதனால்தான் சொல்கிறேன், இல்லாவிட்டால் ஒருவருடைய நோயைப் பற்றி நர்ஸ் வாயைத் திறக்கக் கூடாது.

அக்காவுக்கு இடது மார்பில் புற்றுநோய். அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. அடுத்தது கதிர்வீச்சு. முன்பெல்லாம் மூன்று வாரம், ஐந்து வாரம் என்று போக வேண்டியிருந்தது. இந்த நாட்டில் 2020-க்குப் பிறகு மார்புக்குப் பலருக்கும் ஒரே வாரத்தில் 5 நாளோடு முடித்துவிடுகிறார்கள். அந்த 5 நாளுக்கு முன்பாகத் திட்டமிட ஒரு நாள் வரச் சொல்வார்கள். ஸ்கேன் எடுத்து, எந்த இடத்தில் எந்தக் கோணத்தில் கதிர் படவேண்டும் என்று குறிப்பார்கள்.

அன்று மாலை எனக்குப் போன் வந்தது. ஆஸ்பத்திரிக் கார் பார்க்கிலிருந்து பேசுகிறார்.

"பிள்ளை, நான் எழும்பி வந்திட்டன்."

"என்னக்கா, ஏன்?"

"ஊசியாலை மை குத்தப் போகினமாம். அழியாதாம். அது டாட்டூ தானே?"

"அது ஊசிமுனை அளவுப் புள்ளி அக்கா."

"சின்னன் பெரிசு எண்டு வேதத்திலை இருக்கோ? நீர் தானே அண்டைக்குப் பிள்ளையளுக்குப் படம் கீறிக் காட்டினனீர்!"

விடுமுறை வேதாகமப் பள்ளி நாளில் அக்கா அந்தச் சமையலறைச் சன்னலுக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு நூடுல்ஸ் கிண்டிக்கொண்டு நின்றவர். நான் பிள்ளைகளுக்குத்தான் பேசினேன் என்று நினைத்தேன். எனக்கு வாயடைத்துப் போயிற்று. நோயாளிகளுக்குப் பயம் தெளிய வைப்பதுதான் என் வேலை. என் சொந்தச் சபையில், நான் ஊட்டிவிட்ட பயத்தால் ஒருவர் சிகிச்சைப் படுக்கையை விட்டு இறங்கி வந்திருக்கிறார்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். முதலில் எனக்குத் தெரிந்த பாஷையில் விளக்கினேன். அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் மூன்று. நெஞ்சின் நடுவே ஒன்று, இரண்டு விலாப் பக்கமும் ஒவ்வொன்று. கதிர்வீச்சு அறையில் சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் லேசர் கோடுகள் வரும். தினமும் அந்தக் கோடுகள் இந்தப் புள்ளிகளில் வந்து விழும்படி நோயாளியை நகர்த்திப் படுக்க வைப்பார்கள். மில்லிமீட்டர் கணக்கு. இடது பக்கம் என்றால் கீழே இருதயம் இருக்கிறது. ஆழமாக மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி இருதயத்தை விலக்கி வைத்துக்கூடக் கதிர் கொடுப்பார்கள். பேனாவால் குறித்தால் குளிக்கும்போது, வேர்க்கும்போது அழியும். புள்ளியே இல்லாமல் கேமராவால் உடம்பின் மேற்பரப்பைப் பார்த்துச் சரிசெய்யும் முறையும் வந்துவிட்டது; ஆனால் எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை, அக்கா போன இடத்திலும் இல்லை.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். பிறகு, "அது எல்லாம் டொக்டரும் சொன்னவர், பிள்ளை. எனக்கு வசனத்துக்கு மறுமொழி சொல்லும்" என்றார்.

அன்றைக்குத்தான் நான் அந்த அதிகாரத்தை முழுவதும் படித்தேன். வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன், பிள்ளைகளுக்குச் சார்ட் எழுதினபோது ஒரு வசனத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். அக்காவின் சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு 19-ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தோம்.

28-ஆம் வசனம் எதைப் பற்றிப் பேசுகிறது? செத்துப்போனவர்களுக்காக உடம்பைக் கீறிக்கொள்வதையும், உடம்பில் அடையாளம் எழுதிக்கொள்வதையும் சேர்த்தே பேசுகிறது. இஸ்ரவேலைச் சுற்றி இருந்தவர்கள் துக்கத்திலும் தங்கள் தெய்வ வழிபாட்டிலும் உடம்பைக் கிழித்துக்கொள்கிறவர்கள். கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் தங்களைக் கீறிக்கொண்டதை 1 இராஜாக்கள் 18-இல் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள்கூடப் படித்திருக்கிறீர்கள். அந்த வழக்கத்துக்குள் என் ஜனம் போகக் கூடாது என்பதுதான் அந்த இடத்தின் பேச்சு. அதற்கு முந்தின வசனம் தாடியின் ஓரத்தைச் சிரைக்கக் கூடாது என்கிறது. நம் ஆயர் ஐயா நேற்றுத்தான் சலூனுக்குப் போய் வந்திருக்கிறார். 19-ஆம் வசனம் இரண்டு வகை நூல் கலந்த துணி வேண்டாம் என்கிறது. இந்த மண்டபத்தில் பாலியெஸ்டர் கலக்காத சேலை எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை.

அப்படியானால் அந்த அதிகாரமே நமக்கு இல்லை என்று தள்ளிவிடலாமா? முடியாது. பிறனை உன்னைப்போல நேசி என்பது அதே அதிகாரத்தின் 18-ஆம் வசனத்தில்தான் வருகிறது. நரைத்தவர்கள் முன் எழுந்து நிற்கச் சொல்வது 32-இல். அந்நிய தேசத்தாரை உன்னைப் போல நேசிக்கச் சொல்வது 34-இல். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அந்த வசனம் நமக்கு எவ்வளவு இனித்தது! நமக்குப் பிடித்ததை எடுத்துச் சார்ட்டில் எழுதிவிட்டு மற்றதை மடித்து வைக்க முடியாது. எது அந்தக் காலத்துத் தடுப்புவேலி, எது என்றைக்கும் நிற்கிற கட்டளை என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நான் அந்த யோசனையைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பாம்புக்குக் குறுக்குக் கோடு போட்டுக் கொடுத்தேன்.

இதில் எனக்கு ஒத்துக்கொள்ளாத மூப்பர்கள் இங்கே இருக்கிறீர்கள். வசனம் எழுதினபடியே நிற்கட்டும், உடம்பில் எதுவும் வேண்டாம் என்பது உங்கள் மனசாட்சி. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அக்காவின் புள்ளிகளுக்கு அந்த வசனத்தை யாரும் கொண்டுவர மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

வேதத்தை மூடும்போது எனக்கு என் பாட்டியின் கை ஞாபகம் வந்தது. அதை அக்காவிடம் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

என் அப்பாவின் அம்மா நாசரேத் பக்கம் தேரிக்காட்டு ஊர். சிறு வயதில் அவர்கள் வீடு கிறிஸ்தவ வீடு அல்ல. எட்டு ஒன்பது வயதில் ஊருக்கு வந்த குறத்தியைக் கூப்பிட்டு முன்கையில் ஒரு கோலம் குத்திவிட்டார்கள். அந்த மை செய்கிற விதம் எட்கர் தர்ஸ்டன் என்கிற ஆங்கிலேயர் தென்னிந்தியச் சாதிகள் பற்றி 1909-இல் வெளியிட்ட புத்தகத்திலேயே இருக்கிறது: மஞ்சள்தூளையும் அகத்திக் கீரையையும் அரைத்து, துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்து, அதில் படிகிற கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்து ஊசியால் குத்துவார்கள். கரி கறுப்புத்தான், தோலுக்கு அடியில் போனபின் பச்சையாகத் தெரிகிறது. அதனால்தான் நாம் அதைப் பச்சை என்கிறோம். பாட்டியின் அம்மா காலைப் பிடித்துக்கொண்டாராம், அத்தை வாயைப் பொத்தினாராம். செத்தாலும் கூட வருகிற நகை இதுதான் என்று சொல்லிக் குத்தினார்களாம்.

கல்யாணத்துக்குப் பிறகு பாட்டி தாத்தாவோடு ஞானஸ்நானம் பெற்றார். முதல் திருவிருந்துக்குப் போகும்போது இரண்டு கையையும் ஏந்த வேண்டுமே! கோலம் தெரியுமே! சேலைத் தலைப்பை இழுத்து முன்கையில் சுற்றிக்கொண்டு முழங்காலிட்டாராம். அந்தக் காலத்து ஐயர் அப்பத்தைக் கொடுக்காமல் நின்றுவிட்டார். பாட்டிக்கு உயிரே போய்விட்டது. ஐயர் குனிந்து, "மூடாதம்மா. இந்தக் கையோடதானே ஆண்டவர் உன்னைக் கூப்பிட்டாரு" என்றாராம். அதற்குப் பிறகு சாகும்வரை பாட்டி அந்தக் கையை மூடவில்லை.

இதைக் கேட்டு, பாட்டி பச்சைக்குக் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். பத்து வயதில் நான் போய், எனக்கும் அதே மாதிரி வேணும் என்று கேட்டேன். முதுகில் ஒன்று வைத்தார். "எங்கிட்ட யாரும் கேட்டுட்டுக் குத்தலை. நீயாவது கேட்டுச் செய்யுத மாதிரி வளரு" என்றார். அந்த அடியின் அர்த்தம் எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை.

கிறிஸ்தவர்கள் பச்சை குத்துவதே இந்தக் காலத்துப் பிள்ளைகளின் கூத்து என்றும் நினைக்க வேண்டாம். எகிப்தில் காப்டிக் சபையார் வலது மணிக்கட்டின் உட்புறத்தில் சின்னச் சிலுவை குத்திக்கொள்வது தலைமுறை தலைமுறையாக வருகிறது. நான் கிறிஸ்தவன் என்று மறுக்க முடியாதபடி செய்துகொள்கிற அடையாளம் அது. அதற்காக உபத்திரவப்பட்டவர்களும் உண்டு. எருசலேம் பழைய நகரத்தில் ரஸ்ஸூக் என்கிற குடும்பத்தார் எகிப்திலிருந்து வந்த காப்டிக் வம்சம். புனித யாத்திரை வந்தவர்களுக்கு மர அச்சால் படம் பதித்துச் சிலுவை குத்துவது பல தலைமுறையாக அவர்கள் தொழில். 1862-இல் வேல்ஸ் இளவரசராக எருசலேம் போன 7-ஆம் எட்வர்ட் கையில் சிலுவை குத்திக்கொண்டு வந்தார். பிற்பாடு இங்கிலாந்துத் திருச்சபைக்கே அவர்தான் தலைவர்!

வாலிபப் பிள்ளைகள் சிரிப்பது தெரிகிறது. பொறுங்கள், இனிமேல்தான் நர்ஸ் பேசப் போகிறாள்.

தோலின் மேல்படலம் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிறது. அதனால் மை அதற்கும் கீழே, இரண்டாம் படலத்துக்குள் போனால்தான் நிற்கும். உள்ளே போனதும் உடம்பு அதை ஒரு படையெடுப்பாகத்தான் எடுத்துக்கொள்கிறது. அந்நியப் பொருளை விழுங்குகிற அணுக்கள் ஓடிவந்து மையை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை. விழுங்கிய அணு செத்தால் மை வெளியே விழும், பக்கத்து அணு அதைப் பிடித்துக்கொள்ளும். எலிகளை வைத்து 2018-இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் இதைக் காட்டினார்கள். ஆக, பச்சை என்பது தோலில் எழுதி முடித்த எழுத்தில்லை, உங்கள் உடம்பு ஆயுசு முழுவதும் ஓயாமல் ஏந்திக்கொண்டிருக்கிற சுமை. கொஞ்சம் மை நிணநீர்க் கணுக்களுக்கும் போகிறது. அறுவை சிகிச்சையில் கணுவைத் திறந்தால் நிறமாக இருக்கும். புற்றுநோயோ என்று சந்தேகிக்க வைத்ததும் உண்டு.

சிவப்பு மைக்குத்தான் ஒவ்வாமை அதிகம். நம்முடையதைப் போன்ற கருத்த தோலில் தழும்பு மேலெழும்பிக் கட்டியாக வளர்கிற கீலாய்டு அதிகம். காது குத்தின இடத்தில் குண்டாக வந்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் இரண்டு தரம் யோசியுங்கள். பிடிக்காவிட்டால் லேசரில் எடுத்துவிடலாம் என்று எண்ணுகிறவர்களுக்கு: பல தரம் போக வேண்டும், வலிக்கும், பணம் உங்கள் பையிலிருந்துதான், நம் தோலில் அந்த இடம் வெளுத்துப் போகிற அபாயமும் கூடுதல். ஊசி சுத்தமில்லையென்றால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. வரலாம். இந்த நாட்டில் பச்சை குத்துகிற கடை உள்ளூராட்சி மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மை விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு போட்டது. நாம் அதற்கு முன்பே வெளியேறிவிட்டோம்; அதனால் கடையில் எந்த மை என்று நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கடற்கரையில், திருவிழாவில் ஒரே ஊசியால் ஊருக்கெல்லாம் குத்துகிறவரிடம் தயவுசெய்து உட்காராதீர்கள். குத்தினபின் சில மாதம் ரத்ததானமும் செய்ய முடியாது.

சின்னப் பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று. விடுமுறைக் கடற்கரையில் 'கறுப்பு மருதாணி' என்று அரை மணி நேரத்தில் போட்டுவிடுவார்கள். மருதாணி கறுப்பாக இருக்காது. அது ஆரஞ்சில் ஆரம்பித்துச் செம்மண் நிறத்துக்குப் போகும். கன்னங்கரேல் என்று இருந்தால் அதில் தலைமுடிச் சாயத்தில் போடுகிற பி.பி.டி. என்கிற ரசாயனம் கலந்திருக்கலாம். அது தோலைக் கொப்பளமாக்கும். அதோடு போகாது, ஒருமுறை உடம்பு அதற்கு எதிரியாகிவிட்டால் ஆயுசுக்கும் எதிரி. பின்னாளில் நரைக்குச் சாயம் அடிக்கிற அன்று முகமே வீங்கிப் போகும். இதை நான் சொல்லும்போது இங்கே சில மாமாக்கள் தலையைத் தடவிப் பார்க்கிறார்கள்.

எழுத்துக் குத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு நாள் ஒரு இளைஞருக்கு ஊசி போடக் கையைத் திருப்பினேன். அழகான எழுத்தில் பெரிதாக 'அமமா' என்று இருந்தது. புள்ளியைக் காணோம். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, குத்தினவருக்கும் தெரியாது. "என் அம்மாவுக்காகக் குத்தினேன், சரியாக இருக்கிறதா சிஸ்டர்?" என்று ஆசையாகக் கேட்டார். அம்மா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? "ரொம்ப அழகாயிருக்கு" என்றேன். ஒரு புள்ளிக்காக அந்தப் பிள்ளையின் துக்கத்தில் சிவப்பு மை போட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நீங்கள் தமிழில் குத்துவதானால், முதலில் ஓய்வுநாள் பள்ளித் தமிழ் ஆசிரியையிடம் காட்டுங்கள்.

உங்கள் தோல் உங்களோடு எல்லா நாட்டுக்கும் வரும் என்பதையும் நினையுங்கள். 2014-இல் இலங்கை போன ஒரு பிரிட்டிஷ் நர்ஸின் கையில் புத்தர் படம் இருந்ததற்காக விமான நிலையத்திலேயே பிடித்து, அடைத்து வைத்து, நாடு கடத்தினார்கள். அது தவறு என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2017-இல் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. நியாயம் கிடைத்தது, மூன்று வருஷம் கழித்து.

பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நான் இவ்வளவு பேசவே வேண்டாம். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களுக்குப் பச்சை குத்துவது இந்த நாட்டில் குற்றம். அப்பா அம்மா கையெழுத்துப் போட்டாலும் நடக்காது. அந்தச் சட்டத்தில் ஒரே ஒரு விலக்கு: சிகிச்சைக்காக மருத்துவர் செய்வது. அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப கவுண்மேந்துக்கே விளங்கியிருக்கு" என்றார்.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த மண்டபத்தில் ஜூலை மாத வெக்கையில் நாமெல்லாம் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருக்கும்போது ஒரு தம்பி இரண்டு கோடைக்காலம் முழுக்கைச் சட்டையோடு மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தார். நான்கூட, நல்ல அடக்கமான பிள்ளை என்று நினைத்தேன். ஒரு நாள் நாற்காலி அடுக்கும்போது சட்டைக்கை ஏறினது. முன்கை நிறையப் படம். நான் என்ன செய்தேன் தெரியுமா? பார்த்தேன். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதனால்தான் வரவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பாட்டிக்கு அந்த ஐயர் சொன்ன ஒரு வாக்கியம் என் வாயில் இருந்தது, நான் சொல்லவில்லை. உயிர்த்தெழுந்த ஆண்டவரே கையில் தழும்போடுதான் தோமாவின் முன் வந்து நின்றார். பவுல் தன் உடம்பில் சுமக்கிற அச்சடையாளங்களைப் பற்றி எழுதினது அடிபட்ட காயங்களைப் பற்றி. உடம்பில் ஒரு கதை இல்லாமல் சபைக்கு வருகிறவர் யார்?

கடைசியாக என் வீட்டுக் கதை. எட்டு வருஷத்துக்கு முன் பரிசு வாங்கின அதே மகள்தான் இப்போது கேட்கிறாள். பழைய ஆல்பத்தில் பாட்டி என்னை மடியில் வைத்திருக்கிற போட்டோவைப் பார்த்திருக்கிறாள். முன்கைக் கோலம் மங்கலாகத் தெரிகிறது. அதைத்தான் தனக்கு வேண்டும் என்கிறாள்: பாட்டி கையில் இருந்த இடத்திலேயே, அதே அளவில். அவள் அப்பா, "வேலை இன்டர்வியூவுக்குப் போனால் என்ன ஆகும்?" என்றார். பிறகு, "கல்யாணத்துக்கு?" என்றார். பிறகு டி.வி.யைப் போட்டுவிட்டார்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சார்ட்டில் பதில் எழுதினவள் இந்தத் தரம் கேள்வி கேட்டேன். பாட்டிக்கு இது அவர் கேட்காமல் விழுந்தது என்று உனக்குத் தெரியுமா? ஃபிரெண்ட்ஸ் யாரும் குத்தாவிட்டாலும் கேட்பாயா? ஜெபத்தில் இதைச் சொல்ல உனக்குக் கூச்சமாக இருக்கிறதா? கூச்சமாக இருந்தால் ஏன்? நாற்பது வயதில் இதை உன் பிள்ளைக்கு எப்படி விளக்குவாய்? கடைசிக் கேள்விக்கு, "பாட்டிம்மா கதையைச் சொல்வேன்" என்றாள். நல்ல பதில்தான். எனக்கு அது போதுமா என்று இன்னும் தெரியவில்லை. எனக்கு அந்தக் கோலம் அவள் கையில் வேண்டாம் என்றே இருக்கிறது. பாட்டியின் அத்தை வாயைப் பொத்தினதுதான் ஞாபகம் வருகிறது. அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

இப்போதைக்கு ஒரு ஏற்பாடு. கோலத்தை அவளே தாளில் வரைந்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். ஒரு வருஷம் அங்கே இருக்கும். பால் எடுக்கிற போதெல்லாம் பார்க்க வேண்டும். அதற்குள் சலித்துவிட்டால் தாளைக் கிழித்துவிடலாம். தோலைக் கிழிக்க முடியாது. வருகிற மார்ச்சில் அவளுக்குப் பதினெட்டு. ஏற்கெனவே இரண்டு முறை புள்ளிகளை மாற்றி வரைந்திருக்கிறாள்.

அக்கா இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் போய் மூன்று புள்ளியும் வைத்துக்கொண்டார். அவர் கேட்டபடி ஆயர் ஐயா முந்தின நாள் வீட்டுக்குப் போய் ஜெபித்தார். 5 நாள் சிகிச்சையும் முடிந்தது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது என் மகள் மெதுவாக அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"நொந்துச்சா ஆன்ட்டி?"

"எறும்பு கடிச்ச மாதிரி. எனக்கு மூண்டு. உன்ரை கோலத்திலை எத்தினை புள்ளி?"

மகள் விரல் விட்டு எண்ணினாள். "பதிமூணு."

"அப்ப பதிமூண்டு எறும்பு" என்றார் அக்கா. "வடிவா யோசி, பிள்ளை. இந்தா, வடை எடு."